ஒன்பதாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

அவர்கள் வந்த அன்று மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. வட்டவளை ஸ்டேஷனுக்குக் கீழே, தண்டவாளத்தை ஒட்டிய என் பட்டறைக்கு வாகனம் வராது. ரோட்டில் நிறுத்திவிட்டுப் படியிறங்கித்தான் வர வேண்டும். வன அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேருக்கும் முழங்கால் வரை சேறு.

வாசலில் சப்பாத்தைக் கழற்றப் போனார்கள். "பரவாயில்லை சேர், வெறும் பட்டறைதானே" என்று சிங்களத்தில் சொன்னேன். மூத்தவர் அப்படியே உள்ளே வந்தார். இளையவர் கழற்றினார். அவருடைய காலுறைக்குள் ஓர் அட்டை ரத்தம் குடித்துக் கொழுத்துக் கிடந்தது. நான்தான் உப்பு எடுத்துக் கொடுத்தேன்.

என் மனைவி சுமதி இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

எனக்கு அன்று ஒரே சந்தோஷம். மாதக்கணக்காக நான் எதிர்பார்த்திருந்த பரிசோதனை அது. முந்தின நாளே பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, செய்து முடித்த கிட்டார்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன்.

மரம் இறக்குமதி செய்ய நான் போட்டிருந்த விண்ணப்பத்தை மூத்தவர் புரட்டினார். "ஒன்பதாவது கேள்விக்கு எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு பலகையையும் காட்டுங்கள்."

பரணில் ஏறித் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை இறக்கினேன். இளையவர் விரலால் தடவிப் பார்த்து "நல்ல மரம்" என்றார். மூத்தவர் அளந்தார், படம் எடுத்தார், எழுதினார். பிறகு கேட்டார்.

"இதைத் தந்த தங்கராஜ் இப்போதும் அந்தப் பங்களாவில்தான் இருக்கிறாரா?"

"ஆமாம் சேர். பத்து வருசத்துக்கு மேலாக அங்கேதான் சமையல். நல்ல மனிதர்."

கடைசியாகச் சொன்ன இரண்டு வார்த்தையை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு வாசகியின் கேள்வி

என் தம்பியின் கல்யாணத்தில் நடந்த கூத்தைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துச் சிரித்ததாகக் கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி. "உங்கள் கிட்டார்களில் இப்போது நல்ல ஈட்டி மரப் பலகை போடுகிறீர்களே, அதை வெளிநாட்டிலிருந்து எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? என் மகனும் இந்தத் தொழிலில் இறங்க ஆசைப்படுகிறான்."

அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்த வாரம். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

ஊதாப் பொடி

கொரியாவில் நாலு வருசம் பத்து மாதம் ஒரு கிட்டார் தொழிற்சாலையில் வேலை செய்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். என் மேசைக்கு வருவது விரல்பலகை. கிட்டாரின் கழுத்துக்கு மேல், கம்பிக்கு அடியில், விரல் ஓடுகிற நீளமான பலகை அது. ஈட்டி மரம். வெளியூர்க்காரர்கள் ரோஸ்வூட் என்பார்கள்.

முதல் வாரம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் ஊதா நிறம். ரத்தமென்று பயந்துபோனேன். பக்கத்து மேசையில் இருந்த நேபாளக்காரர் தன்னுடைய கைக்குட்டையையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். மரப்பொடிதான். குளித்தாலும் தோலில் அந்த இனிப்பு வாசம் போகாது.

அங்கே ஒவ்வொரு பலகைக்கும் ஓர் இலக்கம். எங்கிருந்து வந்தது, எந்தக் கிட்டாருக்குப் போகிறது என்று பதியாமல் ஒரு துண்டைக்கூட நகர்த்த முடியாது. மற்றவர்கள் அதைத் தொல்லை என்றார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

ஏன் பிடித்தது என்று யோசித்தால் அப்பா ஞாபகம் வருகிறார். தோட்டத் தமிழர்களுக்குப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில், இந்த நாட்டுப் பிரஜை என்று நிரூபிக்கிற ஒரு கடதாசிக்காக அவர் பாதி ஆயுளை வரிசைகளில் நின்று கழித்தவர். அது கிடைத்த பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, டின்னைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். "பேப்பர் சரியா இருந்துச்சுன்னா எவனும் நம்மள அசைக்க முடியாதுடா" என்பார்.

அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

விரலில் ஒட்டிய கறுப்பு

ஊருக்குத் திரும்பிப் பட்டறை போட்டபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் பலாவும் மஹோகனியும்தான். உடம்புக்கு அது போதும். சத்தம் நன்றாகவே வந்தது. விரல்பலகைக்குத்தான் கறுத்த, இறுகிய மரம் இல்லை. வெளிறிய மரத்தில் மையும் சப்பாத்துப் பாலிஷும் தேய்த்துக் கறுப்பாக்கினேன்.

ஹட்டன் பஜாரில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் நிஸ்தார் நானா அப்படி ஒன்றை நம்பி வாங்கினார். அதை ஒரு கல்யாண வீட்டில் வாசித்த பையனுக்கு வியர்த்து, சாயம் கரைந்து, இடது கை விரலெல்லாம் கறுப்பு. அதே கையை மாப்பிள்ளையின் தோளில் போட்டு வாழ்த்திவிட்டான். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையோடு கிட்டார் மறுநாள் கடைக்கு வந்தது.

"சேகர் தம்பி, ஒங்க வேலையில நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்" என்றார் நிஸ்தார் நானா. "ஆனா வர்றவன் மொதல்ல இந்தப் பலகையத்தான் பாக்குறான். சைனாவுல இருந்து வர்ற கிட்டாருல ரோஸ்வூட் இருக்கு. ஒங்ககிட்ட பாலிஷ் இருக்கு. நான் என்னான்னு சொல்லி விக்கிறது?"

நல்ல பலகை போட்டுக் கொடுத்தால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னார். தொழில் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு பலகையில் இருந்தது.

கொழுந்துச் சாக்கில் வந்தது

தங்கராஜ் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். என்னைவிட இரண்டு வயது குறைவு. அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிசன் பங்களாவில் அவன்தான் அப்பு, அதாவது சமையல்காரன். அந்தப் பங்களாவைக் கம்பனி உல்லாசப் பயணிகளுக்கு விடுதியாக்கிய பிறகும் அவனையே வைத்துக்கொண்டார்கள். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை குவாட்டர்ஸ். மனைவி அங்கேயே துணி வெளுத்தாள். மகள் டிலானி ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளில் ஒரு சாக்கோடு படியிறங்கி வந்தான்.

"பழைய அலமாரி ஒண்ணு ஒடைஞ்சு கெடந்துச்சுண்ணே. வெறகுக்கு வெட்டிப் போடச் சொல்லிட்டாரு மேனேஜர். கோடாலிய வச்சா ஏறவே மாட்டேங்குது. ஒங்களுக்கு ஒதவுமான்னு பாருங்க."

மூன்று பலகை. அழுக்கும் பழைய வார்னிஷும் ஏறிக் கிடந்தன. ஓரத்தில் உளியால் ஒரு கீறு கீறி மூக்கில் வைத்தேன். கொரியா வாசம் வந்தது.

"தங்கராஜு, இது என்னா மரம்னு தெரியுமா?"

"அடுப்புல எரியாத மரம்" என்றான்.

காசு கொடுத்தேன். வாங்கவில்லை. "வெறகுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்றான்.

ஒரு பலகையை அறுத்து விரல்பலகையாக்கி, டிலானிக்கு ஒரு கிட்டார் செய்து கொடுத்தேன். அந்தப் பிள்ளை தோட்டத்து மாதா கோயிலில் ஆராதனைக்கு வாசிப்பாள். அம்மாவின் பழைய சேலையில் அதற்கு ஓர் உறை தைத்துக்கொண்டாள். மீதி இரண்டும் பரணுக்குப் போயின. இரண்டு பலகையை வைத்து மாதாமாதம் வியாபாரம் செய்ய முடியாது. வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

மரத்துக்கு ஒரு சட்டம்

திருச்சிப் பக்கம் ஒரு மர வியாபாரி கிடைத்தார். அறுத்துச் சீவிய விரல்பலகை நாற்பது தருவதாகச் சொன்னார். விலையும் கட்டுப்படியாக இருந்தது. "நம்ம பக்கத்துச் சான்றிதழ நான் வாங்கிக்கறேன். உங்க நாட்டு அனுமதி இல்லாம ஒரு குச்சி அனுப்ப முடியாதுங்க" என்றார்.

டொலர் தட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்து, இறக்குமதித் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த காலம். விடியற்காலை ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே மூன்றாவதைக் காட்டினார்கள். மூன்றாவதில் ஓர் அம்மா, ஓய்வு பெறும் வயது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

ஈட்டி பாதுகாக்கப்பட்ட மரம். அனுப்பும் நாட்டின் சான்றிதழ் வேண்டும். இறக்கும் நாட்டின் அனுமதி வேண்டும். பூச்சி இல்லை என்று ஒரு பத்திரம், புகையடித்ததற்கு ஒரு பத்திரம், இறக்குமதிக்குத் தனி அனுமதி. ஒன்றுக்கு விண்ணப்பிக்க மற்றதன் பிரதி வேண்டும். எல்லாவற்றுக்கும் கட்டணம். ஒரு கன்டெய்னர் நிறையக் கொண்டுவருகிறவரும், கைக்குள் அடங்கும் பெட்டி கொண்டுவருகிற நானும் அநேகமாக ஒரே கட்டணம்தான் கட்ட வேண்டும்.

"கடைகளில் ஈட்டிப் பலகை போட்ட கிட்டார் குவிந்து கிடக்கிறதே மிஸ், அவர்களும் இவ்வளவு செய்கிறார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. செய்து முடித்த வாத்தியமாக வந்தால் இந்த அனுமதி தேவையில்லை. மரமாக வந்தால்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "விதி அப்படி மகன்" என்றார்.

காட்டைக் காப்பாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த மரத்தை வெட்டித் தீர்த்தவன் வட்டவளையில் இல்லையே என்றுதான் சொல்கிறேன். எங்கேயோ ஒரு நாட்டில் பெரிய தொழிற்சாலை செய்தால் அது கிட்டார். நான் செய்ய நினைத்தால் அது மரம்.

சுமதி விடச் சொன்ன இடம்

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. சுமதி தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய ஆங்கிலம் என்னுடையதை விட நல்லது. அவள் வாசித்துச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக நிரப்பினேன்.

ஒன்பதாவது கேள்வி, இதே வகை மரம் தற்போது கையிருப்பில் இருக்கிறதா, இருந்தால் யாரிடமிருந்து, எப்படிக் கிடைத்தது என்று கேட்டது.

"இல்லன்னு போடுங்க" என்றாள் சுமதி.

"இருக்கே."

"ரெண்டு ஒடைஞ்ச பலகைங்க அது. அத யாரு வந்து பரண்ல தேடப்போறாங்க?"

"வந்து பாத்தா? மொத்த விண்ணப்பமும் பொய்யின்னு ஆயிரும். சுத்தமா எழுதிட்டா நம்மள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"அப்ப பழைய மரம்னு மட்டும் போடுங்க. அந்த மனுசன் பேரு எதுக்கு?"

"யாருகிட்ட இருந்துன்னு கேட்டிருக்கானே."

அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் எழுதினேன். மூன்று பலகை, ஒன்று ஒரு வாத்தியத்துக்குப் பயன்பட்டது, இரண்டு கையிருப்பில். தந்தவர் தங்கராஜ், சமையல்காரர், மேல்டிவிசன் பங்களா. அழகான கையெழுத்தில் எழுதினேன். அவனுடைய பெயரை ஓர் அரசாங்கக் கடதாசியில் எழுதுவது அவனுக்கு ஒரு மரியாதை என்றுகூட நினைத்தேன். வேண்டுமென்றே இதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பங்களா என் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரம்.

பங்களாவுக்குப் போன கடிதம்

முதலில் சொன்ன அந்த மழை நாளுக்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

வன அலுவலகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது ஒன்றுதான். 'இந்த மரம் உங்கள் பங்களாவிலிருந்து கொடுக்கப்பட்டதா?' என்று தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். விறகுக்கு வெட்டச் சொன்ன மேனேஜர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். வந்திருந்த புது மேனேஜர் சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தார். சாப்பாட்டு அறை அலமாரி, ஒன்று. அறையில் அலமாரி இல்லை. 'நாங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை' என்று பதில் எழுதிவிட்டுத் தங்கராஜைக் கூப்பிட்டார்.

செய்தி எனக்கு ஒரு மத்தியானம் சுமதி வழியாக வந்தது. முன்பள்ளியிலிருந்து குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டு வந்தாள்.

"தங்கராஜு தம்பிய வேலைக்கு வர வேணாம்னுட்டாங்களாம். விசாரணையாம். பங்களா சாமான வெளிய வித்துட்டாருன்னு எழுதியிருக்காங்களாம்."

நான் உளியைக் கீழே வைத்தேன். சுமதி என்னையே பார்த்தாள். சொல்லியிருந்தேனே என்று ஒரு தடவையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் இன்று வரை சொல்லவில்லை.

நான் பேசப் போனது

பழைய மேனேஜரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "எவ்வளவோ சாமான் கழிக்கச் சொல்லியிருப்பேன். எல்லாம் ஞாபகம் இருக்குமா? இதில் என்னை இழுக்காதீர்கள்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு புது மேனேஜரிடம் போனேன். அவர் மோசமானவர் இல்லை. உட்காரச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினோம்.

"சேர், அது விறகுக்குப் போன மரம். தங்கராஜ் திருடவில்லை. பழைய மேனேஜர் வாயாலேயே சொன்னதாம்."

"எழுத்தில் இருக்கிறதா?"

"இல்லை சேர்."

"ஆனால் உங்களிடம் எழுத்தில் இருக்கிறது." என் விண்ணப்பத்தின் பிரதியை மேசையில் திருப்பி வைத்தார். என் கையெழுத்து என்னையே பார்த்தது. "சரி, மரத்துக்கு அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?"

"ஒரு சதமும் வாங்கவில்லை சேர். கொடுத்தும் வாங்கவில்லை. அவர் மகளுக்கு ஒரு கிட்டார் மட்டும் செய்து கொடுத்தேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்தக் கிட்டார் கடையில் என்ன விலை போகும்?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். தங்கராஜை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று அவருக்குப் புரியட்டும் என்றிருந்தது.

"அப்படியானால் இது அன்பளிப்பு இல்லையே. விற்பனை" என்றார். அதையும் எழுதினார்.

காப்பாற்றப் போனவன் இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயந்தரமே காவற்காரர் ஒருவரும் அலுவலகக் கிளார்க்கும் குவாட்டர்ஸுக்குப் போய்க் கிட்டாரை எடுத்துக்கொண்டார்கள். அதிலிருக்கிற பலகை பங்களாவுடையதாம். சுமதி அப்போது அங்கே இருந்தாள். டிலானி அழவில்லையாம். "ஒற நான் தச்சது. அத மட்டும் கழட்டிக்கிறேன்" என்றாளாம். உறையைக் கழற்றி, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

என் பரணில் இருந்த இரண்டு பலகையையும் எடுத்துப் போனார்கள். இன்றைக்கும் அவை தோட்டத்து ஆபீஸ் ஸ்டோரில் ஒரு சீட்டுக் கட்டிய நிலையில் சாய்ந்து நிற்பதாகக் கேள்வி. அவற்றை இப்போது எரிக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

லொறி

தொழிற்சங்கத் தலைவர் வந்து பேசினார். தோட்டம் பொலிசுக்குப் போவதில்லை, பதிலுக்குத் தானாக விலகுவதாகத் தங்கராஜ் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவானது. போட்டான். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். காலி செய்ய ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள்.

அவர்கள் கிளம்பிய அன்று சாமான் ஏற்ற நானும் போனேன். பீரோவின் ஒரு பக்கத்தை அவன் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடித்தேன். சேர்ந்து லொறியில் ஏற்றினோம். அடுத்து ஒரு குடத்தைத் தூக்கினேன். அவன் மனைவி வந்து என் கையிலிருந்து வாங்கி, லொறிக்காரரிடம் கொடுத்தாள். அதன் பிறகு நான் ஓரமாக நின்றேன்.

ஏறும்போது தங்கராஜ் என் பக்கம் வந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே" என்றான்.

சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். லொறி வளைவில் திரும்பிப் போனது.

அந்த வாரமே எனக்கு அனுமதி வந்தது. என் பட்டறைக்கு வந்த அந்த இளைய அதிகாரி போன் செய்து வாழ்த்துச் சொன்னார். மனதார மகிழ்ச்சியோடுதான் சொன்னார். "நீங்கள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்ததால் பிரச்சினை இல்லாமல் போய்விட்டது. எல்லாரும் உங்களைப் போல இருந்தால் எங்கள் வேலை எவ்வளவு சுலபம்!"

பெட்டி

பெட்டி துறைமுகத்தில் இறங்கிய பிறகும் பூச்சிப் பத்திரத்தில் ஒரு முத்திரை தெளிவாக இல்லை என்று கிடந்தது. கிடந்த நாளுக்கெல்லாம் வாடகை. பலகைக்குக் கொடுத்த விலையைப்போல மூன்று மடங்கு அது வந்து சேர்ந்த வழிக்குப் போயிருந்தது. சுமதியின் சங்கிலி அடகுக்குப் போனது. அதையும் அவளே கழற்றித் தந்தாள்.

பட்டறையில் வைத்துத் திறந்தேன். நாற்பது பலகை. சாக்லேட் நிறத்தில் கறுப்பு ரேகை. புகையடித்த மருந்து நெடிக்கு அடியிலிருந்து அந்த இனிப்பு வாசம் மெல்ல எழுந்தது.

சுமதி வாசலில் நின்று பார்த்தாள். "நல்லாத்தான் மணக்குது" என்றாள். உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவள் பட்டறைக்குள் வரவே இல்லை. தேத்தண்ணியை வாசற்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்.

கிட்டார்கள் விற்றன. நிஸ்தார் நானா பலகையைத் தட்டிப் பார்த்து, "இப்பத்தான் தம்பி சாமான் சாமான் மாதிரி இருக்கு" என்றார். சங்கிலி வீட்டுக்குத் திரும்பியது. வாசகியின் கேள்விக்கு இதுதான் பதில் என்று இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அந்த நிஸ்தார் நானாதான் ஒரு நாள் சொன்னார். "பங்களாவுல இருந்தாரே தங்கராஜு, அவர மலையடிவாரத்துல, நல்லதண்ணியில கண்டேன். யாத்திரை சீசன் கடையொண்ணுல ரொட்டி போட்டுக்கிட்டு இருக்காரு. மகளும் கூட நிக்கிறா."

நல்லதண்ணியில்

புதுக் கிட்டார் ஒன்று செய்தேன். மிச்சமிருந்ததில் ரேகை அழகாக ஓடிய பலகையைத் தேடி எடுத்து அதற்குப் போட்டேன். ஒரு சனிக்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் சீசன் பஸ் பிடித்தேன். மலையேறிவிட்டு இறங்குகிற கூட்டமும் ஏறப்போகிற கூட்டமுமாக நல்லதண்ணி நெருக்கியடித்தது. கம்பளித் தொப்பிக் கடைகளைத் தாண்டிப் பாலத்துக்குக் கிட்ட அவன் நின்றிருந்தான்.

வெள்ளைக்காரர்களுக்குப் புடிங் செய்து கொடுத்த கை, தகரக் கூரைக்குக் கீழே ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தது. மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் ஒரு நிமிடம் கை நின்றது. பிறகு, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றான்.

சுடச்சுட ரொட்டியும் சம்பலும் வைத்தான். சீசன் முடிந்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். "மொத்தத்துல ஆறு மாசம் வேல. மத்த ஆறு மாசம் யாராச்சும் கூப்புட்டா போறது" என்றான்.

"தங்கராஜு, என்னைய மன்னிச்சிரு."

"நீங்க பொய்யா எழுதுனீங்க? பொய்யா எழுதியிருந்தா ஒங்க சட்டையப் புடிச்சு ரெண்டு போட்டிருப்பேன். மனசு ஆறியிருக்கும். நீங்க உண்மையத்தானே எழுதுனீங்க. நான் யாருகிட்டண்ணே போயிக் கோவப்படுறது?" ரொட்டியைப் புரட்டிக்கொண்டேதான் சொன்னான். குரல் உயரவே இல்லை.

டிலானி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வளர்ந்திருந்தாள். "பெரியப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. கிட்டாரைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி, கம்பிகளைச் சுருதி கூட்டி, ஒரு பாட்டின் பாதியை வாசித்தாள். ரொட்டிக்கு நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராஜ் திரும்பவில்லை.

வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பெருவிரலால் பலகையைத் தடவினாள்.

"இதுவும் அந்த மரந்தானா பெரியப்பா?"

"அதே சாதி மரந்தாம்மா. ஆனா இது இந்தியாவுல இருந்து வந்தது."

"இதுக்குப் பேப்பர் இருக்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள்.

"இருக்கும்மா. எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப அதையும் தாங்க. யாராச்சும் வந்து கேட்டா காட்டணும்ல."

கேட்பார்கள் என்று தெரிந்துதான் கொண்டுபோயிருந்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலேயே இருந்தது. அனுமதிப் பத்திரத்தின் பிரதி. அதோடு விண்ணப்பமும் இணைந்திருந்தால்தான் செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில், என் அழகான கையெழுத்தில், அவளுடைய அப்பாவின் பெயர்.

கை சட்டைப் பை வரை போனது.

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டேம்மா. அடுத்த தடவ வர்றப்ப கொண்டாரேன்" என்றேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவள் கிட்டாரைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"அப்ப அன்னைக்கே வாங்கிக்கிறேன் பெரியப்பா. அது வரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

தங்கராஜ் ரொட்டிக்குக் காசு வாங்கினான். மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தான்.

கிட்டாரை அடுத்த வாரம் நிஸ்தார் நானாவின் கடையில் வைத்தேன். இரண்டு நாளில் போய்விட்டது. அந்தச் சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் வந்து முடிந்தது. ஹட்டனில் நல்லதண்ணி பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தாண்டிப் போகிறேன். இன்னும் ஏறவில்லை.